நிக்கானோர் வாங்கினால் இறங்கும்

அமெரிக்க டாலரின் விலையை அமெரிக்கா நிர்ணயிக்கிறது என்று நம்புகிறவர்கள் வில்லா லூரோ பக்கம் வந்ததே இல்லை. அது எங்கள் தெருவில், மூன்றாவது வீட்டு முற்றத்தின் கடைசி அறையில் குடியிருக்கும் லிஃப்ட் மெக்கானிக் நிக்கானோர் பெரால்தாவின் சட்டைப் பையில் இருக்கிறது. அவர் பையில் டாலர் உள்ளே போனால் உலகத்தில் டாலர் இறங்கும். வெளியே வந்தால் ஏறும். அவர் தும்மினால் நியூயார்க்கில் ஜன்னலைச் சாத்துவார்கள். ஒருமுறை காய்ச்சலில் நான்கு நாள் படுத்துவிட்டார். அந்த நான்கு நாளும் பூமியில் எந்த நாட்டுப் பணமும் அசையவில்லை. எந்தப் பக்கம் போவதென்று கேட்க ஆளில்லாமல் நின்ற இடத்திலேயே நின்றது.

காய்ச்சல் விஷயம் கொஞ்சம் கூட்டிச் சொன்னது. பை விஷயம் அப்படியே உண்மை. எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

நாற்பது வருஷமாக அது தவறியதில்லை. காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்று சாமான்கள் ஓடிய காலத்தில், கல்யாணத்துக்கு ஃபிரிட்ஜ் வாங்கவேண்டுமென்று கையிலிருந்த டாலரை எல்லாம் விற்று எங்கள் நாட்டுப் பேசோவாக மாற்றினார். பஸ் பிடித்துக் கடைக்குப் போவதற்குள் அந்தப் பேசோவுக்கு ஃபிரிட்ஜின் கதவுதான் கிடைக்கும் என்றாகிவிட்டது. பிறகு ஒரு பேசோவுக்கு ஒரு டாலர் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்த காலம் வந்தது. அதை நம்பி வங்கியில் டாலராகப் போட்டுவைத்தார். ஒரு டிசம்பரில் வங்கிகள் கதவைச் சாத்தின. திறந்தபோது டாலர் பேசோவாகியிருந்தது, பேசோ காகிதமாகியிருந்தது. ஊரே பாத்திரத்தைத் தட்டிக்கொண்டு தெருவில் இறங்கியது. நிக்கானோரும் இறங்கினார். அவர் தட்டிய பாத்திரத்தில் மட்டும் ஓட்டை விழுந்தது. அந்த வருஷம்தான் அவர் மனைவி கிளம்பிப் போனாள். டாலர் போனதற்காக அல்ல. டாலரைப் பற்றிய பேச்சு போகாததற்காக.

இப்போது அவருக்கு வயது அறுபத்திரண்டு. லிஃப்ட் மெக்கானிக்குகளைப் பற்றி யாரும் யோசிக்காத ஒன்று உண்டு: இந்த ஊரில் அவர்களைப்போலப் படியேறுகிறவர்கள் வேறு யாரும் இல்லை. ஓடுகிற லிஃப்டுக்கு அவரை யார் கூப்பிடப் போகிறார்கள்? ஒன்பது மாடி, பதினோரு மாடி, கையில் இரும்புப் பெட்டி. மோட்டார் அறை எப்போதும் உச்சியில்தான் இருக்கும். மூன்றாவது மாடியில் ஒருமுறை, ஆறாவது மாடியில் ஒருமுறை நிற்பார். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, மேல்வரிசையில் பல் இல்லாத இடங்களை நாக்கால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். நான்கு இடம். தொட்டு முடிப்பதற்குள் மூச்சு திரும்பிவிடும். அப்புறம் மிச்சப் படி.

லிஃப்டிலிருந்துதான் அவர் தன் டாலர் ஞானத்தை எடுத்தார். பேக்கரியில் ரொட்டிக்கு நிற்கும்போது யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வார்:

"நாப்பது வருஷமாப் பாக்கறேன். மேலயே நின்னுட்ட லிஃப்ட்னு ஒண்ணு கிடையாது. நின்னுச்சுன்னா அது ரிப்பேர். யாராவது வந்து எறக்குவாங்க."

"டாலரு லிஃப்ட் இல்ல, வாத்தியாரே. அதுக்குக் கீழ போற பட்டனே வெக்கல," என்பார் மருந்துக்கடை எர்மீந்தா.

"வெச்சிருக்காங்க அம்மணி. நாம பாக்கல."

அப்படிச் சொல்லிவிட்டுப் போய் விற்பார். டாலர் ஏறும். ஏறுவதைப் பார்த்துப் பயந்து திரும்ப வாங்குவார். இறங்கும். எங்கள் ஊரில் காலையில் எழுந்ததும் மழை வருமா என்று பார்ப்பதற்கு முன்னால் நீல டாலர் என்ன விலை என்று பார்ப்பார்கள். நீலம் என்றால் தெரு விலை. வங்கி விலை ஒன்று உண்டு, அது பேப்பரில் படிப்பதற்கு. நடு ஊரில் புளோரிடா தெருவில் நாள் முழுக்க நின்று "மாத்தணுமா, மாத்தணுமா" என்று கூவுகிறவர்களுக்கு மரங்கள் என்று பெயர். ஒரே இடத்தில் நின்று பச்சை இலை கொடுப்பதால். எங்கள் பக்கத்தில் மரம் கிடையாது. கசூசோவின் இரும்புச் சாமான் கடைதான். ஆணி, தாழ்ப்பாள், பெயிண்ட் டப்பா எல்லாம் தாண்டி உள்ளே போனால் ஒரு சின்ன அறை. அதைக் குகை என்பார்கள். அதில் கசூசோ பணம் மாற்றுவார்.

கசூசோவின் குகைக்குப் போவதற்கு முன் எல்லோரும் பேக்கரிக் கரும்பலகையைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

பேக்கரி கிரிசெல்தாவுடையது. அவருக்கு பிலார் என்று ஒரு மகள். பதினாறு வயது, அழகும் அறிவும் நிரம்பியவள். உயர்நிலைப் பள்ளியின் மூன்றாம் ஆண்டு மிகவும் பிடித்துப்போய் அதையே இரண்டாம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள். ரொட்டி விலை எழுதுகிற கரும்பலகையின் கீழ் மூலையில் அவள் ஒரு லிஃப்ட் படம் வரைவாள். நிக்கானோர் விற்ற நாளில் லிஃப்ட் மேலே போகும். வாங்கிய நாளில் கீழே வரும். வேறு ஒரு எழுத்து கிடையாது. தெருவுக்கு அது போதும். லிஃப்ட் மேலே போனால் எர்மீந்தா ஓடிப்போய் டாலர் வாங்குவார். கீழே வந்தால் விற்பார். அப்படியே தன் மகனுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். கிரிசெல்தா புது அடுப்பு போட்டார். எதிர்வீட்டு டாக்ஸிக்காரர் கடலோரத்தில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தார்.

நிக்கானோர் அந்தப் படத்தைப் பார்த்ததில்லையா? பார்த்தார். தன் தொழிலுக்குச் செய்த மரியாதை என்று நினைத்துக்கொண்டார். பேக்கரியின் மாவு மூட்டை ஏற்றும் சின்ன லிஃப்டைக் காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தவர் அவர்தான்.

"பாப்பா, படம் தப்பு," என்றார் ஒருநாள்.

"எது தப்பு, நிக்கானோர் ஐயா?"

"வெயிட்டுக் கட்டை எங்க? பொட்டி மேல போவணும்னா பின்னாடி ஒரு இரும்புக் கட்டை கீழ எறங்கணும். மோட்டாரு சும்மா தள்ளிதான் விடுது. தூக்கறது கட்டைதான். அது இல்லாம உன் லிஃப்ட் எங்க போவும்?"

சாக்பீஸை வாங்கி, பெட்டிக்குப் பின்னால் கயிறு வரைந்து, கயிற்றின் முனையில் ஒரு கட்டையை வரைந்து, அதற்குக் கறுப்பாக நிழல்கூடப் போட்டார். கடையில் நின்ற ஐந்து பேரும் அவரவர் கையிலிருந்த ரொட்டியை வெகு கவனமாகப் பார்த்தார்கள். அன்றிலிருந்து பிலார் கட்டையோடுதான் வரைந்தாள். படம் உண்மையிலேயே நன்றாக வந்தது.

ஒரு ஜூலை மாதம், சனிக்கிழமை அன்று, பொருளாதார மந்திரி ராஜினாமா செய்தார். திங்கட்கிழமை டாலர் இருநூற்று அறுபது. அடுத்த வாரம் முந்நூறு. அதற்கடுத்த வியாழக்கிழமை கசூசோ முந்நூற்று முப்பத்தைந்துக்கு வாங்கினார், முந்நூற்று நாற்பதுக்கு விற்றார். கடைகளில் விலைச்சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிது ஒட்டாமல் விட்டார்கள். பாலுக்கு விலை கேட்டால், "எவ்ளோ வெச்சிருக்கீங்க?" என்றார்கள்.

அந்த வியாழக்கிழமை காலை, எங்கள் ஊர் ஜூலைக் குளிருக்குக் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு நிக்கானோர் பேக்கரிக்குள் வந்தார்.

"இன்னிக்குத் தள்ளிடப் போறேன்," என்றார்.

கிரிசெல்தா ரொட்டி நிறுப்பதை நிறுத்தினார். "எவ்ளோ?"

"எல்லாத்தையும். பத்தொம்பது நோட்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரம்."

"ஒண்ணு விடாமலா?" எர்மீந்தாவின் குரல் மெலிந்துவிட்டது.

"ஒண்ணு விடாம. வேல ஒண்ணு இருக்கு, அத முடிச்சுட்டு மூணு மணிக்குக் கசூசோகிட்ட போறேன். இதுக்கு மேல ஏறாது. மோட்டாரு சத்தமே சொல்லுது."

அவர் வெளியே போய்க் கதவு சாத்துவதற்குள் லிஃப்ட் மேலே போய்விட்டது. பலகையின் உச்சிவரை போயிற்று. ரொட்டி விலையை அழித்து வரைந்தாள் பிலார். எர்மீந்தா தன் ரொட்டிப் பையை மேஜையிலேயே விட்டுவிட்டு ஓடினார். பத்தரை மணிக்கெல்லாம் கசூசோவின் கடை வாசல்வரை வரிசை. ஆணி வாங்க வந்த ஒரே ஒரு மனிதர் பயந்துபோய்த் திரும்பிவிட்டார். பிலாரும் வரிசையில் நின்றாள். ஒரு வருஷமாகச் சேர்த்த அறுபத்தெட்டாயிரம் பேசோவைக் கொடுத்து இரண்டு நூறு டாலர் நோட்டு வாங்கினாள். மடித்துக் கொடுத்ததை மடித்தபடியே காலுறைக்குள் செருகிக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும் அல்லவா, விரித்துப் பார்ப்பானேன்.

மத்தியானம் நிக்கானோர் மறுபடி வந்தார். ஏழு மாடி ஏறி இறங்கிய களைப்பு. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு ரொட்டி குடு பாப்பா. மேல்தோல சீவிட்டு உள்பக்கம் மட்டும்."

"ஏன், வீட்ல கிளி வளக்கறீங்களா?"

"ஆமா. இந்தக் கிளிதான்." வாயைத் திறந்து காட்டினார்.

பிலார் சிரிக்கத்தான் தொடங்கினாள். இத்தனை நாளும் பார்த்த வாய்தான். உள்ளே பார்த்ததில்லை. நிக்கானோர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மாவு படாத இடமாகப் பார்த்து வைத்தார். பல் டாக்டர் மெலியானின் சீட்டு. டாக்டர் பேனாவால் ஒரு தாடை வரைந்து, அதில் நான்கு திருகாணி வரைந்திருந்தார்.

"எலும்புக்குள்ள விட்டு முறுக்குவாங்களாம். அது மேல பல்லு. திருகாணி சரியாத்தான் வரைஞ்சிருக்கு அந்தம்மா. ஒண்ணு அறுநூறு. நாலுக்கு ரெண்டாயிரத்து நானூறு. பேசோ வேண்டாமாம். டாலரு, அதுவும் பெரிய முகம்."

நூறு டாலர் நோட்டில் இருக்கிற நீள முடிக்காரர், பழைய நோட்டில் சின்னதாகவும் புதிய நோட்டில் பெரிதாகவும் இருப்பார். அமெரிக்காவில் இரண்டுக்கும் ஒரே மதிப்பாம். எங்களிடம் அப்படிக் கிடையாது. சின்ன முகத்தை யாரும் தொடமாட்டார்கள். தொட்டாலும் பத்து சதவீதம் கழிப்பார்கள்.

"இதுக்கா டாலரு?" என்றாள் பிலார்.

"பின்ன எதுக்குன்னு நெனச்ச?"

அவள் எதுவும் நினைத்திருக்கவில்லை. தெருவில் யாருமே நினைத்திருக்கவில்லை. நிக்கானோர் டாலர் வாங்குவார், விற்பார். அது மழை மாதிரி. மழைக்கு என்ன தேவை என்று யார் கேட்பார்கள்?

"ஆறு வருஷமாச் சேக்கறேன். ரெண்டு தரம் கிட்ட வந்தேன். மிச்சத்தையும் தேத்திடலாம்னு வித்து வாங்கி, ரெண்டு தரமும் பின்னாடி போயிட்டேன். இந்தத் தரம் கணக்கு சரியா இருக்கு. முன்னூத்தி முப்பத்தஞ்சுக்குக் குடுத்துட்டு, எறங்கறப்ப எரநூத்தி அறுவத்தஞ்சுக்கு வாங்கினா நாலு பல்லு."

"எறங்கலன்னா?"

நிக்கானோர் தாளை மறுபடி நான்காக மடித்தார். மடிப்பு ஏற்கெனவே நைந்துபோயிருந்தது.

"எறங்கலன்னா மெத்துன்னு சாப்ட்டுட்டுப் போறேன். பழகிடுச்சு," என்றார். "வறுத்த கடலைதான் பாப்பா. ஒருநாளு கடிக்கணும்போல இருக்கு. சத்தம் கேக்கற மாதிரி."

ரொட்டித்தோலைச் சீவும்போது பிலார் கைவிரலையும் கொஞ்சம் சீவிக்கொண்டாள். அவர் போனதும் பலகையைப் பார்த்தாள். லிஃப்ட் உச்சியில் நின்றது. கீழே கட்டை தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது.

இரண்டரை மணிக்குக் கசூசோவின் குகையில் இருந்தாள்.

"அவரு நோட்ட வாங்காத. சின்ன முகம்னு சொல்லிடு."

"யாரு நோட்ட? நிக்கானோரோடதா? பைத்தியமா உனக்கு? அந்த மனுஷன் வித்தாத்தான டாலரு ஏறும்! காலைலேர்ந்து தெருவே காத்துட்டு இருக்கு."

"ஏறட்டும், ஏறாமப் போவட்டும். அவரு விக்கக் கூடாது."

"போ போ, ரொட்டி கருகப் போவுது."

"கசூசோ மாமா," என்றாள் பிலார், தேன் மாதிரி. "தினமும் பதினோரு மணிக்கு யாருக்கும் தெரியாம எங்க கடைக்குப் பின்வாசல்ல நின்னு மூணு கிரீம் சுருள் சாப்பிடறது யாரு? உனக்கு ரத்தத்துல சக்கர எவ்ளோ இருக்குன்னு போன வாரம் அத்தை அழுதுட்டு இருந்தாங்க. அவங்க கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

கசூசோ தன்னையறியாமல் வாயைத் துடைத்துக்கொண்டார். "நீ பொண்ணு இல்ல. வருமான வரி," என்றார்.

மூன்று மணிக்கு நிக்கானோர் வந்தபோது பிலார் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் குந்தியிருந்தாள். நிக்கானோர், தேநீர்போல ஊறவைத்துக் குடிக்கிற மாத்தே இலை டப்பாவை அப்படியே கொண்டுவந்திருந்தார். அதில்தான் நோட்டு. கசூசோ ஒவ்வொன்றாக விளக்கின் கீழ் வைத்துப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"வாத்தியாரே, இதுல பதினொண்ணு சின்ன முகமாச்சே."

"சின்ன முகமா? நான் பாத்துதான வாங்கினேன்."

"யாரோ தலைல கட்டிட்டான். இந்தா, நீயே பாரு. பத்து சதவீதம் கழிச்சுதான் தர முடியும்."

நிக்கானோர் நோட்டுகளைக் கையில் வாங்கிக்கொண்டார். கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். முகத்துக்கு அருகே வைத்தார், தள்ளி வைத்தார். காலையில் இருந்த மோட்டார் சத்தமெல்லாம் அடங்கிப்போன முகம். பிறகு நோட்டுகளை டப்பாவில் போட்டு மூடினார்.

"சரி விடு," என்றார். அவ்வளவுதான்.

தெருவைக் கடந்து வீட்டுக்குப் போகும்போது, படியே இல்லாத சமதரையில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

திங்கட்கிழமை புது மந்திரி வருகிறார் என்று பேச்சு அடிபட்டது. டாலர் முந்நூற்றுப் பதினெட்டு. புதன்கிழமை இருநூற்றுத் தொண்ணூறு. அதற்கடுத்த வாரம் இருநூற்று அறுபத்தைந்தில் வந்து நின்றது. தெருவே முந்நூற்று நாற்பதுக்கு வாங்கி வைத்திருந்தது.

எர்மீந்தா நேராக முற்றத்தின் கடைசி அறைக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

"நீ அன்னிக்கு வித்தியா, இல்லியா?"

"இல்ல அம்மணி. சின்ன முகம்னுட்டான், திரும்பி வந்துட்டேன்."

"விக்கலன்னா ஒரு வார்த்த சொல்ல வேண்டாமா? நாலு பேரு உன்ன நம்பி இருக்கோம்னு ஒரு பொறுப்பு வேண்டாமா மனுஷனுக்கு?"

"என்ன நம்பியா?"

"நீ கைல வெச்சிருந்தா எறங்காம என்ன செய்யும்? இந்த ஊர்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும்! பலகைல லிஃப்ட் மேல நிக்குது, நீ பாட்டுக்கு டப்பாவ மூடிட்டு வீட்ல ஒக்காந்திருக்க!"

கோபத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்: பலகை, படம், மோட்டார் சைக்கிள், புது அடுப்பு, கடலோரத்துப் பத்து நாள். சொல்லிக்கொண்டே வரும்போது தான் என்ன சொல்கிறோம் என்று அவருக்கே புரிந்துவிட்டது. கடைசி வாக்கியத்தை முடிக்காமல் போய்விட்டார்.

அன்று மாலை நிக்கானோர் பேக்கரிக்கு வந்து கரும்பலகையின் முன்னால் நின்றார். அவர் விரலால் அந்தக் கட்டையைத் தொட்டார். தானே போட்ட நிழல்.

"நெழல் நல்லாத்தான் போட்டிருக்கேன்," என்றார். "நம்ம தெருவுல கட்டை யாருன்னு இப்பத்தான் தெரியுது."

ரொட்டிக்குக் காசை வைத்தார். ரொட்டியை எடுத்துக்கொள்ள மறந்து போய்விட்டார். ஒன்பது நாள் கடைப் பக்கம் வரவில்லை. பலகையில் பிலார் அதற்குப் பிறகு ரொட்டி விலை மட்டும் எழுதினாள்.

அவளுக்கு வேறு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்தை முந்நூற்று முப்பத்தைந்தால் பெருக்கி, இருநூற்று அறுபத்தைந்தால் வகுத்தால் என்ன வரும்? கணக்கில் இரண்டு முறை தோற்றவள் அதை மாவு பரப்பிய மேஜையில் விரலால் ஐந்து முறை போட்டுப் பார்த்தாள். ஐந்து முறையும் இரண்டாயிரத்து நானூற்று ஒன்று வந்தது. நான்கு பல், மேலே ஒரு டாலர். நாற்பது வருஷத்தில் நிக்கானோர் முதல் தடவையாகச் சரியாகச் சொல்லியிருந்தார். அன்றைக்குப் பார்த்து ஒரு புத்திசாலி குறுக்கே வந்து அவரைக் காப்பாற்றிவிட்டாள்.

அல்லது, அவர் விற்றிருந்தால் டாலர் ஏறித்தான் இருக்குமா? இதற்கு விடை சொல்லக்கூடியவர் ஒருவரும் இல்லை. இரவெல்லாம் யோசித்தும் பிலாருக்குப் பிடிபடவில்லை.

பத்தாம் நாள் கிரிசெல்தா ஒரு பை ரொட்டியைக் கொடுத்து அவளை அனுப்பினார். நிக்கானோர் வெந்நீர் வாளியில் காலை முழங்கால்வரை விட்டு உட்கார்ந்திருந்தார்.

"மாத்தே குடிக்கறியா?" என்றார். கோபமாக ஒன்றும் இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. "இரு, குவளையக் கழுவிட்டு வரேன்."

அவர் முற்றத்துக் குழாயடிக்குப் போனபோது பிலார் டப்பாவைத் திறந்து தன் இரண்டு நோட்டையும் அவர் நோட்டுகளுக்கு நடுவில் செருகினாள். காலுறையிலிருந்து எடுத்த மடிப்பு மாறாமல், அவசரமாக.

திரும்பி வந்தவர் சொன்னார்: "பல்லு டாக்டர்கிட்ட போறேன் பாப்பா. இருக்கறதுக்கு எத்தன வருதோ அத்தன போடட்டும். அப்புறம் இந்த டாலர நான் பாக்கப் போறதில்ல. ரொம்ப அசதியா இருக்கு."

எலும்பு பிடிக்க மாதக்கணக்கு ஆகுமாம். தெரு முழுக்க ஜக்கராண்டா பூத்து உதிர்ந்துகொண்டிருந்த நவம்பரில் நிக்கானோர் ஒரு நாள் பேக்கரிக்குள் வந்தார். பிலார் உள்ளே தட்டை எடுக்கப் போயிருந்தாள். மேஜையில் ஆர்டர் எழுதும் நோட்டுப் புத்தகம் பின்பக்கமாகத் திறந்து கிடந்தது. அதில் கேக் ஆர்டருக்குப் பதிலாக வேறு என்னமோ, பத்துப் பன்னிரண்டு பக்கத்துக்கு, எழுத்துப் பிழையோடு ஓடியது. முதல் வரியில் அமெரிக்க டாலர் என்றும் வில்லா லூரோ என்றும் இருந்தது. அவள் திரும்பி வந்தபோது நிக்கானோர் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தில் இருந்தார்.

"ரொட்டி குடு," என்றார், தலையைத் தூக்காமல். "தோலோட."

கொடுத்தாள். அவர் பையிலிருந்து எதையோ எடுத்து மேஜையில் வைத்தார். இரண்டு நூறு டாலர் நோட்டு. மடிப்பில் வெள்ளையாக மாவு.

"என் டப்பால ரெண்டு சின்ன முகம் மொளச்சிருந்துச்சு. நான் சின்ன முகமே வாங்கினதில்ல. டாக்டரம்மா தொடமாட்டேன்னுட்டாங்க. பத்தொம்பது நோட்டுக்கு மூணு பல்லு, நூறு கைல மிச்சம். இத ஆகஸ்ட்லேர்ந்து வெச்சிட்டு இருக்கேன், யாருதுன்னு கேக்கறதுக்கு."

பிலார் நோட்டுகளை அப்போதுதான் முதல் தடவையாக விரித்துப் பார்த்தாள். நீள முடிக்காரர் இரண்டிலும் குட்டியாக இருந்தார். கசூசோ கிரீம் சுருளுக்குப் பழி வாங்கக் காத்திருக்கவே இல்லை. அவள் மிரட்டுவதற்கு முன்னாலேயே ஏமாற்றியிருந்தார்.

"எனக்கென்ன தெரியும்," என்றாள்.

"அப்புறம், நீ எழுதினதுல ரெண்டு தப்பு இருக்கு."

"எங்க?"

"அழகும் அறிவும்னு போட்டிருக்கியே, அது ஒண்ணு." ஒரு பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார். "இன்னொண்ணு இது. கண்ணாடிய வீட்ல மறந்துட்டு வந்தேன்னு. மறக்கல. சட்டப் பைலதான் இருந்துச்சு. எடுத்துப் போட்டுக்கல."

"ஏன்?"

"பெயிண்ட் டப்பாவுக்குக் கீழ மாவு ஒட்டின செருப்பு ஒரு ஜோடி தெரிஞ்சுது. தூரத்துப் பார்வ எனக்கு நல்லாவே இருக்கு."

பிலாருக்குக் காது சூடாகிவிட்டது. "தெரிஞ்சுதான் போனீங்களா? வித்திருந்தா நாலாவது பல்லும் வந்திருக்கும்! நான் போட்டுப் பாத்தேன், ரெண்டாயிரத்து நானூத்தி ஒண்ணு..."

"நாப்பது வருஷம் பாப்பா. நான் தப்புப் பண்றேன்னு தெருவுக்கே தெரிஞ்சிருக்கு. நில்லுன்னு ஒருத்தர் சொல்லல. அன்னிக்குத்தான் ஒரு ஆளு, அதுவும் டப்பாவுக்குப் பின்னாடி குந்திக்கிட்டு..." வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டு ரொட்டித்தோலைக் கடித்தார். நறுக்கென்று சத்தம் கேட்டது. இடதுபக்கம் மட்டும்தான். வலதுபக்கம் இன்னும் ஒரு இடம் காலி.

உண்மையா, அவளுக்காகச் சொன்னாரா என்று முகத்தில் தெரியவில்லை. மென்றுகொண்டே நோட்டுப் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"திருத்தி எழுது," என்றார். "செருப்ப விட்டுடாத."